நிலமில்லாதவர் வாசலிலும் ஒரு தோட்டம்
லயன் வீடுகளில் வண்ண இலைச் செடிகளைச் சாடிகளில் வளர்த்தல்

மலையகத்தின் எந்தத் தோட்டத்துக்குச் சென்றாலும் இரண்டு விதமான வாசல்களைக் காணலாம். ஒன்று பங்களாவின் வாசல். அங்கே புல்தரையும் ரோஜாப் பாத்தியும் இருக்கும். பாதையோரத்தில் சாடிகள் வரிசையாக நிற்க, அவற்றில் சிவப்பும் ஊதாவும் மஞ்சளுமாக இலைச் செடிகள் செழித்திருக்கும். மற்றது லயத்தின் வாசல். ஓர் இஸ்தோப்பு, அதன் முன்னால் ஒரு கான், அதற்கப்பால் நடைபாதை. அத்துடன் முடிந்துவிடும். ஆயினும் பங்களாத் தோட்டத்தில் செடி நட்டு, கிள்ளி, நீரூற்றி வளர்த்தவர்கள் லயத்திலிருந்து சென்றவர்களே. செடி வளர்க்கும் அறிவு எம்மவரிடம் நிறைய உண்டு. அதைத் தமது வீட்டு வாசலில் பயன்படுத்த இடம்தான் கிடைக்கவில்லை.

இக்கட்டுரை அந்த அறிவை எமது வாசலுக்குக் கொண்டு வருவது பற்றியது. பெரிய முதலீடு தேவையில்லை. பழைய டின்களும் கொஞ்சம் மண்ணும், அயலவரிடம் கேட்டு வாங்கும் ஒரு தண்டுத் துண்டும் போதும்.

ஏன் சாடியில் வளர்க்க வேண்டும்?

எமது மக்களின் பெரும் பிரச்சினை நிலம். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்கள் எதிலும் லயத்தில் குடியிருப்பவருக்கு அவர் நின்ற மண் சொந்தமாகவில்லை. அண்மைய ஆண்டுகளில் 7 பேர்ச் காணியில் தனி வீடு பெற்ற குடும்பங்கள் உள்ளன. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடும் மலசலகூடமும் பாதையும் போக அதில் மிஞ்சுவது சிறிதளவே. இன்னும் பல குடும்பங்கள் லயன் காம்பராக்களிலேயே வாழ்கின்றன.

லயத்துக்குப் பின்னால் கஷ்டப்பட்டு ஒரு பாத்தி அமைத்தாலும் நாளை அந்த இடம் பாதைக்கோ வேறு தேவைக்கோ எடுக்கப்படலாம். அப்போது நட்ட செடியும் போய்விடும். சாடியில் உள்ள செடி அப்படியல்ல. வேறு லயத்துக்கு மாறினால் அதைத் தூக்கிச் செல்லலாம். மகளுக்குத் திருமணமாகி வேறு தோட்டத்துக்குச் சென்றால் கையில் கொடுத்தனுப்பலாம். கடும் மழையில் உள்ளே நகர்த்தலாம். வெயிலடிக்கும்போது வெளியே வைக்கலாம். மண் எமக்குச் சொந்தமாக இல்லாத இடத்தில் சாடிக்குள் இருக்கும் மண்ணாவது எமக்குச் சொந்தம்.

சாடியைக் காரணம் காட்டி எவரும் காணி உரிமைக் கோரிக்கையைக் கைவிடத் தேவையில்லை. காணி கிடைக்கும் நாளில் அதில் நடுவதற்கு எம்மிடம் தாய்ச்செடிகள் தயாராக இருக்கும்.

சோற்றுக்கு வழி தேடும்போது அழகுச் செடியா?

இது நியாயமான கேள்வி. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அரிசியும் மாவும் வாங்க முடியாமல் தவித்த குடும்பங்களுக்கு அழகுச் செடி பற்றிப் பேசுவது பரிகாசம்போலத் தோன்றலாம். இதற்கு மூன்று பதில்கள் உண்டு.

முதலாவது, கீரைக்கும் இலைச் செடிக்கும் சண்டை இல்லை. வண்ண இலைகளில் சில உண்ணக் கூடியவை. சிவப்புத் தண்டுக்கீரை, சிவப்புச் சலாது இலை, செந்நரம்பு ஓடும் பீட்ரூட் இலை ஆகியவை சாடியில் நன்றாக வளரும். கண்ணுக்கும் அழகு, கறிக்கும் உதவும். பத்துச் சாடிகள் வைத்தால் ஐந்தில் இவற்றை வளருங்கள்.

இரண்டாவது, வெயில் குறைந்த இடங்களில் கீரை நன்றாக வராது. இஸ்தோப்பின் உட்பகுதி, லயத்தின் நிழல் விழும் பக்கம் போன்ற இடங்களில் தண்டுக்கீரை மெலிந்து நீண்டுவிடும். பிகோனியா போன்ற இலைச் செடிகளோ அங்கேதான் செழிக்கும். எனவே கீரையின் இடத்தை இவை பிடித்துக்கொள்வதில்லை.

மூன்றாவது, மனிதருக்கு அழகும் ஒரு தேவை. நாள் முழுவதும் மலையில் கொழுந்து பறித்து, பாரம் சுமந்து, மாலையில் திரும்பும் பெண்ணுக்குத் தன் வாசலில் தன் கையால் வளர்த்த செடி ஒன்று இருப்பது ஆறுதல். அந்த ஆறுதல் பங்களாவுக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டியதில்லை.

இலைக்கு நிறம் எவ்வாறு வருகிறது?

இலையின் பச்சை நிறத்துக்குக் காரணம் பச்சையம். சூரிய ஒளியைக் கொண்டு செடிக்கு உணவு தயாரிப்பது இதுவே. இதனுடன் வேறு நிறப்பொருட்களும் இலையில் உண்டு. அந்தோசயனின் என்பது சிவப்பையும் ஊதாவையும் தருகிறது. கரோட்டினொயிட்டு எனப்படும் பொருட்கள் மஞ்சளையும் செம்மஞ்சளையும் தருகின்றன. கரட் கிழங்கின் நிறமும் இவ்வகையைச் சேர்ந்ததே. இலையில் வெள்ளைத் திட்டுகள் இருந்தால் அந்த இடத்தில் பச்சையம் இல்லை என்பது பொருள்.

இதை அறிந்துகொண்டால் பராமரிப்பு முறையும் தானாகவே விளங்கும்.

1. வெள்ளைத் திட்டு அதிகமுள்ள செடி தனக்கான உணவைக் குறைவாகவே தயாரிக்கும். ஆகவே மெதுவாக வளரும். கடும் வெயிலில் வெள்ளைப் பகுதி விரைவில் கருகும்.

2. ஒளி மிகக் குறைந்த மூலையில் கோலியஸ், குரோட்டன் போன்றவற்றின் நிறம் மங்கும். நேர் வெயில் படாத, ஆனால் வெளிச்சம் நிறைந்த இடமே கோலியசுக்குச் சிறந்தது. இஸ்தோப்பின் விளிம்பு அத்தகைய இடம்.

3. யூரியா போன்ற தழைச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இட்டால் செடி பச்சையாகத் தழைத்து, நிறம் குறையும்.

4. பல நிறச் செடியில் சில வேளை முழுப் பச்சையான ஒரு கிளை தோன்றும். அதை உடனே அடியோடு கிள்ளிவிட வேண்டும். பச்சைக் கிளை மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்து, காலப்போக்கில் முழுச் செடியையும் பச்சையாக்கிவிடும்.

உயரத்துக்கு ஏற்ற செடி

பேராதனையில் செழிக்கும் செடி நுவரெலியாவில் வாடலாம். நாவலப்பிட்டிக்குப் போய் வரும்போது வாங்கி வந்த அழகான குரோட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மாதத்திலேயே இலை உதிர்ப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். குறை உங்கள் கையில் இல்லை. காரணம் குளிர்.

மிகவும் குளிரான பகுதி (நுவரெலியாவும் அதன் சுற்றுப்புறமும், சுமார் 6,000 அடி): ரெக்ஸ் பிகோனியா, ஐவிக் கொடி, பன்னங்கள், இலையில் வளைய நிறமுள்ள ஜெரேனியம், அலங்காரக் கோவா, வெள்ளைக் கோடுள்ள சிலந்திச் செடி ஆகியவை ஏற்றவை. தை, மாசி மாதங்களில் அதிகாலையில் உறைபனி விழும் நாட்களில் சாடிகளை இரவில் கூரையின் கீழ் வைக்க வேண்டும். முடியாவிட்டால் பழைய சாக்கினால் மூடி, வெயில் வந்ததும் எடுத்துவிடலாம்.

நடுத்தரக் குளிர்ப் பகுதி (ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை, சுமார் 4,000 அடி): ரெக்ஸ் பிகோனியாவும் சிலந்திச் செடியும் இங்கும் நன்றாக வரும். இவற்றுடன் கோலியஸ், செவ்விலை ஐரசீன், வெள்ளிக் கோடும் ஊதா அடியும் உள்ள திரடெஸ்கான்சியாக் கொடி ஆகியவற்றையும் வளர்க்கலாம். இப்பகுதியில் குளிரைவிட மழையே பெரும் எதிரி. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் வட்டவளை, ஹற்றன் பக்கத்தில் நாள்கணக்கில் மழை விடாது. அக்காலத்தில் சாடியில் நீர் தேங்கி வேர் அழுகுவதே செடிகள் சாவதற்கு முதற்காரணம்.

தாழ்ந்த பகுதி (கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கொத்மலையின் கீழ்ப்புறம்): குரோட்டன், கலேடியம், மணிப்பிளான்ட், டிரசீனா ஆகியவை இங்கேதான் உண்மையான நிறத்தைக் காட்டும். கோலியசும் மிக வேகமாக வளரும்.

எந்த உயரத்தில் எது வளரும் என்பதை நேரில் கற்க எமது மாவட்டத்திலேயே நல்ல பாடசாலை ஒன்று உண்டு. ஹக்கலைப் பூங்கா 1861ஆம் ஆண்டில், மலேரியாவுக்கு மருந்து தரும் சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காக ஆரம்பிக்கப்பட்டது. பின்னர் குளிர்ப் பிரதேசச் செடிகளுக்கான தாவரவியல் பூங்காவாக வளர்ந்தது. நுவரெலியா விக்டோரியா பூங்கா 1897ஆம் ஆண்டு, விக்டோரியா மகாராணியின் ஆட்சியின் 60 ஆண்டு நிறைவையொட்டிப் பெயர் பெற்றது. பிள்ளைகளுடன் இவ்விடங்களுக்குச் செல்லும்போது பூக்களை மட்டும் பார்த்துவிட்டு வராமல், எச்செடி நிழலில் நிற்கிறது, எது வெயிலில் நிற்கிறது என்பதையும் குறித்து வாருங்கள்.

கோலியஸ் எமக்கு அந்நியமான செடியல்ல. சளிக்கும் இருமலுக்கும் எமது தாய்மார் வீட்டோரம் வளர்க்கும் கற்பூரவள்ளியும், சந்தையில் வாங்கும் இன்னலாக் கிழங்கும் அதன் நெருங்கிய உறவுகள். மூன்றும் ஒரே இனத்தவை. கற்பூரவள்ளியின் கிளையை ஒடித்து நட்டு வளர்த்தவர் எவரும் கோலியசையும் வளர்க்கலாம்.

சாடியும் மண்ணும்

கடைச் சாடி அவசியமில்லை. பால்மா டின், எண்ணெய்க் கான், உடைந்த வாளி, உரப்பை, அடிப்பகுதி வெட்டிய பெரிய போத்தல் ஆகிய எதுவும் உதவும். ஆனால் கிருமிநாசினி, களைநாசினி வந்த கான்களையும் போத்தல்களையும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அவற்றில் நஞ்சு எஞ்சியிருக்கலாம். கீரைச் செடி நட்டால் அது உணவிலும் சேரும்.

எடுத்த பாத்திரத்தின் அடியில் ஐந்தாறு துளைகள் இடுங்கள். டின்னாக இருந்தால் அடியை ஒட்டிப் பக்கவாட்டிலும் இரண்டு துளைகள் வேண்டும். அடியில் ஓர் அங்குல உயரத்துக்குச் சிறு கற்களைப் போடுங்கள். பாத்திரத்தைத் தரையில் நேராக வைக்காமல் இரண்டு கல்லின்மேல் வைத்தால் நீர் தடையின்றி வடியும்.

மண் கலவை: மேல்மண் ஒரு பங்கு, நன்கு உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, மணல் அல்லது தும்புத்தூள் ஒரு பங்கு. மழை கூடிய ஹற்றன் பகுதியில் மணலை ஒன்றரைப் பங்காக்கலாம். எரு உக்காமல் இருந்தால் சூடு உண்டாகி வேர் கெடும். கையில் எடுத்துப் பிசைந்து பாருங்கள். நாற்றமின்றி, மண்வாசனையுடன் உதிர்ந்தால் அது உக்கிய எரு.

தேயிலை மலையிலிருந்து மண் அள்ளக் கூடாது. அது மண்ணரிப்பை உண்டாக்கும். தோட்டத்தில் தகராறையும் உண்டாக்கும். லயத்துக்குப் பின்னாலுள்ள மண்மேட்டை வெட்டுவதும் ஆபத்து. அடிப்பக்கம் வெட்டிய மேடு மழைக்காலத்தில் சரியக் கூடும். வீட்டு வாசல் கானைச் சுத்தம் செய்யும்போது கிடைக்கும் வண்டல் மண்ணே போதுமானது. எமது பிரதேச மண் பொதுவாகப் புளிப்புத்தன்மை கூடியது. தேயிலைக்கு அது நல்லது; கோலியஸ் போன்றவற்றுக்கு அவ்வளவு நல்லதல்ல. ஒரு வாளி கலவைக்கு ஒரு கைப்பிடி அடுப்புச் சாம்பல் சேர்த்தால் இக்குறை ஓரளவு நீங்கும். அதற்கு மேல் சாம்பல் வேண்டாம்.

தவறணைத் தொழிலே இதுவும்

1925இல் ஆரம்பிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்குகிறது. விதையிலிருந்து தேயிலை வளர்ப்பதற்குப் பதிலாக, நல்ல தாய்ச்செடியின் தண்டுத் துண்டிலிருந்து கன்று எடுக்கும் முறையை அது பரப்பியது. இன்று ‘வீ.பி. தேயிலை’ என நாம் அழைப்பது இதுவே. ஒரு கணுவும் ஓர் இலையும் உள்ள துண்டைக் கூரிய கத்தியால் வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் நட்டு, நிழல் பந்தலின் கீழ் ஈரம் காத்து வளர்க்கிறோம். பை நிரப்புவதும் துண்டு நடுவதும் நீர் தெளிப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை.

தவறணையில் ஒரு மாதம் வேலை செய்தவருக்கு இலைச் செடி பெருக்குவதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. வித்தியாசங்கள் மட்டும் இங்கே தரப்படுகின்றன.

கோலியஸ்: மூன்று நான்கு அங்குல நீளமுள்ள நுனித் துண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கீழ் இலைகளை நீக்கிவிட்டு ஈர மணலில் நடுங்கள். ஒரு போத்தல் தண்ணீரில் நிறுத்தினாலும் வேர் விடும். இளஞ்சூட்டுப் பகுதியில் ஒன்றிரண்டு வாரங்களில் வேர் தோன்றும். ஹற்றனில் மூன்று வாரம் வரை செல்லலாம். தேயிலைக் கன்று நடுகைக்குத் தயாராக மாதக்கணக்கில் காத்திருந்தவருக்கு இது மிக விரைவானதாகத் தோன்றும்.

ரெக்ஸ் பிகோனியா: இதில் தண்டே தேவையில்லை; ஓர் இலை போதும். அசாம் பக்கத்து மலைக்காடுகளைச் சேர்ந்த செடியாதலால் நிழலும் ஈரக் காற்றும் இதற்குப் பிரியம். முற்றிய, நோயற்ற இலையொன்றைப் பறித்துத் திருப்பி வைத்து, அடிப்புறத்துப் பெருநரம்புகளை நாலைந்து இடங்களில் கத்தியால் கீறுங்கள். பின் அடிப்புறம் மண்ணில் படும்படி ஈர மணலின்மேல் பரப்பி, ஈர்க்குத் துண்டுகளால் குத்தி நிறுத்துங்கள். மேலே தெளிவான பொலித்தீன் உறை ஒன்றால் மூடி நிழலில் வையுங்கள். ஆறு வாரமளவில், குளிர் கூடிய இடத்தில் இன்னும் தாமதித்து, கீறிய இடங்களில் சிறு கன்றுகள் எழும். இரண்டு மூன்று இலை வந்ததும் பிரித்து நடலாம்.

குரோட்டன்: முற்றிய நுனித் துண்டு வேண்டும். வெட்டிய இடத்தில் பால் வடியும். அது தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். துணியிலும் கறை படியும். பால் நின்றபின் நடுங்கள். நட்டபின் கைகளைக் கழுவுங்கள்.

பெருக்கத்தின் வேகத்தை ஒரு கணக்கால் அறியலாம். ஒரு கோலியஸ் செடியிலிருந்து நான்கு துண்டுகள் எடுத்து, அவை வளர்ந்ததும் ஒவ்வொன்றிலும் நான்கு எடுத்து, மீண்டும் அவ்வாறே செய்தால் 4, 16, 64 என மூன்றாம் சுற்றில் 64 செடிகள் கிடைக்கும். ஒவ்வொரு சுற்றிலும் நான்கில் ஒன்று அழுகிப் போனால்கூட மூன்றாம் சுற்றில் 27 செடிகள் மிஞ்சும். ஒரு லயத்துக்கு ஒரு தாய்ச்செடி வந்தால் ஓராண்டுக்குள் எல்லாக் காம்பராக்களின் வாசலுக்கும் செடி சேர்ந்துவிடும்.

அன்றாடப் பராமரிப்பு

கிள்ளுதல்: கொழுந்து பறிக்கும்போது நுனி நீங்குவதால்தான் தேயிலை உயர்ந்து மரமாகாமல் பக்கக் கிளை விட்டுப் பரவுகிறது. கோலியசுக்கும் அதே விதி. ஆறு அங்குலம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பூக்கதிர் தோன்றினால் அதையும் கிள்ளிவிடுங்கள். பூத்தபின் இலை சிறுத்து, செடி மூப்படையும். கிள்ளிய நுனியை எறிய வேண்டாம். அதுவே அடுத்த கன்று.

நீர்: விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் நீர் வேண்டாம். பீலித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் இடங்களில் அரிசி கழுவிய நீரைச் செடிக்குப் பயன்படுத்தலாம். சவர்க்கார நீரை ஊற்ற வேண்டாம். பிகோனியாவின் இலையில் நீர் படாமல் மண்ணில் ஊற்றுவது நல்லது. இலையில் ஈரம் நின்றால் பூஞ்சண நோய் பிடிக்கும்.

உரம்: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி கூட்டெரு போதும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது, கூட்டெருக் குழி வைத்திருந்தவரின் செடிகளுக்கு அத்தடையால் பாதிப்பில்லை. மரக்கறிக் கழிவு, காய்ந்த இலை, தேயிலைச் சக்கை, சாணம் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு ஈரம் காத்தால் மூன்று நான்கு மாதங்களில் எரு தயார்.

பூச்சி: இலைக்காம்பின் இடுக்கில் வெள்ளைப் பஞ்சுபோலத் தெரிவது மாப்பூச்சி. ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். மழைக்காலத்தில் நத்தைகள் இரவோடிரவாக இலையைத் தின்றுவிடும். டோர்ச் வெளிச்சத்தில் பொறுக்கி அழிப்பதே உறுதியான வழி. வீட்டு வாசலில் மருந்து தெளிப்பதைத் தவிருங்கள். அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

முக்கிய எச்சரிக்கைகள்

1. டெங்கு. 2017ஆம் ஆண்டில் எமது நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். டெங்கு நுளம்பு பெருகுவதற்குச் சாடியின் கீழ்த் தட்டில் நிற்கும் சிறிதளவு நீரே போதும். முட்டை ஏழு முதல் பத்து நாட்களுக்குள் பறக்கும் நுளம்பாகிவிடும். நீர் வற்றினாலும் முட்டைகள் மாதக்கணக்கில் உயிருடன் ஒட்டியிருக்கும். எனவே சாடிக்குக் கீழ்த் தட்டு வைக்க வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமெனில் அதில் மணல் நிரப்புங்கள். தண்ணீரில் வேர் பிடிக்க வைத்த போத்தலின் நீரை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். காலியான டின்களைக் கவிழ்த்து வையுங்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி நுளம்பு பெருக இடமளிப்பது தண்டனைக்குரிய குற்றமுமாகும்.

2. நச்சுச் செடிகள். டிபன்பேக்கியா, கலேடியம், மணிப்பிளான்ட் ஆகியவற்றின் இலையிலும் தண்டிலும் ஊசிபோன்ற நுண்படிகங்கள் உள்ளன. குழந்தை இவற்றைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். சில வேளை விழுங்கவும் மூச்சுவிடவும் கஷ்டமாகும். தவழும் குழந்தை உள்ள வீட்டிலும் பிள்ளை மடுவத்திலும் இவற்றை வைக்கவே கூடாது. கடித்துவிட்டால் வாயிலுள்ளதைத் துடைத்தெடுத்து, நீரால் கழுவி, வாந்தி எடுக்கச் செய்யாமல், உடனே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். செடியின் இலையொன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

3. பாதை. லயங்களில் தீ விபத்துகள் நேர்வதை அறிவீர்கள். அவ்வேளையில் இஸ்தோப்பே ஒரே வெளியேறும் வழி. கதவுக்கு நேராகவும் நடைவழியிலும் சாடி வைக்க வேண்டாம். சுவரோரத்தில் பலகைத் தட்டு அமைத்தோ கூரைக் கைமரத்தில் தொங்கவிட்டோ வைக்கலாம். தொங்கவிடும் முன் அந்த மரம் பாரம் தாங்குமா என்று பாருங்கள்.

4. மிஞ்சிய செடிகள். கழித்த கொடிகளை ஓடையிலும் காட்டோரத்திலும் எறிய வேண்டாம். வெள்ளைக்காரர் கொண்டு வந்த கோர்ஸ் என்னும் முட்செடி இன்று ஹோர்ட்டன் சமவெளியில் பரவி, அங்குள்ள இயற்கைச் செடிகளை நெருக்குகிறது. கழிவு கூட்டெருக் குழிக்கே செல்லட்டும்.

வருமானம் கிடைக்குமா?

கிடைக்கலாம்; ஆனால் எல்லை அறிந்து இறங்க வேண்டும். சித்திரை மாதத்து வசந்தகாலத்தில் நுவரெலியாவுக்கு வரும் உல்லாசப் பயணிகள் செடி வாங்கிச் செல்வர். தேர்த் திருவிழா, ஆலயத் திருநாள், பாடசாலை விழா ஆகியவற்றிலும் விற்கலாம். நன்கு வேர்விட்டு மூன்று நான்கு கிளைகளுடன் நிற்கும் செடியே விலைபோகும். சித்திரையில் விற்பதற்கு மார்கழியிலேயே துண்டு நட்டிருக்க வேண்டும்.

வெளிநாட்டு ஏற்றுமதி பற்றிப் பலர் ஆசை வார்த்தை சொல்லக் கூடும். இலங்கையிலிருந்து இலைச் செடிகளும் வெட்டிய இலைகளும் ஐரோப்பாவுக்கும் யப்பானுக்கும் செல்வது உண்மையே. ஆனால் அதற்கு ஒரே அளவும் ஒரே தரமும் உள்ள செடிகள் தொடர்ச்சியாகப் பெருந்தொகையில் தேவை. பூச்சி, நோய் இல்லை என்னும் அரசாங்கச் சான்றிதழும் வேண்டும். தனிக் குடும்பத்தால் இது இயலாது. ‘கன்றை எங்களிடம் வாங்குங்கள், வளர்ந்ததும் நாங்களே திரும்ப வாங்குகிறோம்’ என்று எவராவது வந்தால் நான்கு விடயங்களைக் கேளுங்கள். என்ன விலை? எழுத்தில் தருவீர்களா? தரம் குறைந்தால் யார் நட்டம்? முன்பு எந்த ஊரில் வாங்கினீர்கள்? தெளிவான பதில் இல்லையெனில் கடன்பட்டு இறங்க வேண்டாம்.

இத்தொழிலைக் கற்க விரும்பும் இளைஞர் யுவதிகள், பேராதனையிலுள்ள தேசிய தாவரவியல் பூங்காத் திணைக்களத்திடம் மலர்ச்செய்கைப் பயிற்சி பற்றி விசாரிக்கலாம். கூட்டெரு, நோய், பூச்சி பற்றிய சந்தேகங்களுக்கு விவசாயப் போதனாசிரியரை அணுகலாம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

மாதர் சங்கமோ இளைஞர் மன்றமோ ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கட்டும். ஒவ்வொருவரும் ஒரு டின்னும் தம்மிடமுள்ள ஒரு தண்டுத் துண்டும் கொண்டு வரட்டும். தவறணையிலும் பங்களாத் தோட்டத்திலும் வேலை செய்த மூத்தவர்களை அழைத்து, அவர்களையே ஆசிரியர்களாக அமர்த்துங்கள். வாழ்நாள் முழுவதும் பிறருக்காகச் செடி வளர்த்தவர்கள் அன்று தம் பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். செடிக்கு நீரூற்றும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கிழமைக்கு ஒருமுறை நுளம்புச் சோதனையையும் அவர்களே செய்யட்டும்.

வேலை முடிந்து வரும் பெண்ணின் தலையில் இன்னொரு வேலையாக இது விழுந்துவிடக் கூடாது. ஆண்கள் மண் கலந்து சாடி நிரப்பிக் கொடுத்தால் மீதி நாளொன்றுக்குப் பத்து நிமிட வேலைதான்.

கலந்துரையாடுவதற்கு

1. எமது தோட்டத்தில் செடி வளர்க்கத் தெரிந்த மூத்தவர்கள் யார்? அவர்களிடமிருந்து நாம் இதுவரை என்ன கற்றுள்ளோம்?

2. எமது லயத்தில் நுளம்பு பெருகக் கூடிய இடங்கள் எவை? செடி வைக்கத் தொடங்குமுன் அவற்றை எவ்வாறு அகற்றலாம்?

3. சொந்தக் காணி கிடைத்தால் அதில் முதலில் எதை நடுவோம்? அதற்கான தாய்ச்செடியை இன்றே சாடியில் வளர்க்க முடியுமா?